"இன்னைக்கு யாருங்க டூட்டி?"

திருப்பூர் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி ஒன்பது பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அதில் இரண்டு பக்கம் வேறு கையெழுத்து. அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வயது 34. ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர். கல்யாணமாகி மூன்றே வருடத்தில் விவாகரத்து. தீர்ப்பு கையில் இருக்கிறது. சிறு வயதில் பள்ளி விடுமுறைக்கு ஒறம்பரை (உறவினர்) வீட்டில் விட்டிருந்தபோது நடந்ததைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதிவிட்டு, "அது இங்க வேண்டாங்க" என்று நிறுத்திக்கொண்டார். இரண்டு வருடத்துக்கு முன் பெங்களூரில் ஒரு மனநல மருத்துவர் பல தடவை வரவழைத்துப் பேசிய பிறகு, 'டிசோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸ்ஆர்டர்' என்று சொல்லியிருக்கிறார். பன்முக ஆளுமை என்று நாம் கேள்விப்பட்டிருப்பது இதுதான். இவரைத் தவிர இவருக்குள் மூன்று பேர். எட்டு வயதுச் 'சின்னவள்'. வரவு செலவு எழுதி எல்லோரையும் அதட்டும் 'கணக்கம்மா'. அதிகம் பேசாமல், யாராவது குரலை உயர்த்தினால் மட்டும் முன்னால் வந்து நிற்கும் 'அண்ணன்'.

வீட்டில் நான்கு வருடமாக உடன் வாழ்பவருக்குப் பல்லடம் பக்கம் தென்னந்தோப்பு, அவர் 'தோட்டத்துக்காரர்'. இன்னொருவர் கோவையில் வேலை, வாரக் கடைசியில் வந்து போவார், அவர் 'சனிக்கிழமைக்காரர்'. பெயர் வைத்தது கணக்கம்மாவாம். இருவரும் மணமாகாதவர்கள். ஒருவரை ஒருவர் தெரியும். மூவரும் உட்கார்ந்து பேசி, ஒளிவுமறைவில்லாமல் ஒத்துக்கொண்ட ஏற்பாடு இது.

வீடு ஓடுவதே சிரிப்பில்தான் என்கிறார். காலையில் தோட்டத்துக்காரர் காபி டம்ளரோடு வந்து "இன்னைக்கு யாருங்க டூட்டி?" என்று கேட்பார். கணக்கம்மா என்றால் சர்க்கரை பாதி. சின்னவள் என்றால் காபியே கிடையாது, பால்தான். சனிக்கிழமைக்காரர் "ஏழு மணிக்கு வர்றேன்" என்று செய்தி அனுப்பினால், கணக்கம்மா "வெயிட்டிங் லிஸ்ட் 2" என்று பதில் போடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உழவர் சந்தைக்குப் போய் வந்த பையில் தக்காளி, கத்தரிக்காயோடு மூன்று பொட்டலம் தேன்மிட்டாய் இருந்திருக்கிறது. கணக்கு நோட்டில், "தேன்மிட்டாய் 30 ரூபாய். அனாவசியம்." அதற்குக் கீழே கிரேயானில், "அவசியம்." அதற்கும் கீழே இன்னொரு கையெழுத்தில், "நானும் ரெண்டு தின்னேன்."

மூன்று மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை இது கெட்டது. சனிக்கிழமைக்காரர் தன் நண்பர்கள் நான்கு பேரோடு வந்தவர், சாப்பாடு முடிந்ததும், "சின்னவளக் கூப்பிடு, ஒரு பாட்டுப் பாடட்டும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தானும் சிரித்தது சகோதரிக்கு நினைவிருக்கிறது. அதற்கு மேல் எதுவும் நினைவில்லை. தெளிந்தபோது இரவு மணி 11. குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார், முழங்கையில் சிராய்ப்பு. நடந்தது முழுக்க வீடியோவாகச் சனிக்கிழமைக்காரருடைய கைபேசியில் இருந்தது. "சும்மா குசும்புக்குத்தானே? நீயும்தான சிரிச்ச?" என்று கேட்டவர், இப்போது ரீல்ஸ் போடலாம் என்கிறார். அன்றிலிருந்து சனிக்கிழமை ஆனால் அண்ணன் வாசலைவிட்டு நகர்வதில்லை.

கேள்விகள் ஆறேழு. இதை வைத்துச் சிரிப்பது தப்பா? "ரெண்டு ஆம்பளைய வெச்சுக்கறதுக்கு வியாதி ஒரு சாக்கு" என்று அக்கா சொல்வது உண்மையா? குணமாகிவிட்டால் ஒருவர் மேல் இருக்கும் அன்பு போய்விடுமா, சின்னவள் செத்துப் போய்விடுவாளா? தை மாதம் தோப்பில் மூவரும் விளையாட்டாக மாலை மாற்றிக்கொள்ளலாமா? அம்மா ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குக் கூப்பிடுகிறார், போகலாமா? கம்பெனியில் சொல்ல வேண்டுமா? கடைசியாக, தூக்கத்துக்கு மெடிக்கலில் வாங்கும் மாத்திரையைத் தொடரலாமா?

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது பல இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன். நீங்களும் அதற்காகத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆனால் ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரியில் நின்றுவிட்டேன். "அண்ணன் அப்பப்ப, எல்லாரையும் கெணத்துல தள்ளிப்போட்டா வாடகை மிச்சம்னு சொல்லுவாருங்க" என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கும் முகம் ஒன்றும் வரைந்திருக்கிறீர்கள். மற்ற கேள்விகளுக்கு முன்னால் இதைப் பேசியாக வேண்டும்.

இந்தப் பாதிப்போடு சிகிச்சைக்கு வரும் வெளிநோயாளிகளில் 70 சதவீதத்துக்கும் மேலானவர்கள் ஒரு தடவையாவது தற்கொலைக்கு முயன்றவர்கள் என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் வகைப்பாட்டு நூலே குறிப்பிடுகிறது. அதனால் அண்ணன் சொல்வதை நான் வேடிக்கையாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நீங்களும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் அந்த வரியை அப்படியே படித்துக் காட்டுங்கள். தோட்டத்துக்காரருக்கும் தெரியட்டும். சேர்த்து வைத்திருக்கும் மாத்திரைகளை அவர் பூட்டி வைக்கட்டும். ராத்திரி நேரத்தில் அந்தப் பேச்சு பலமானால் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு உதவி எண் அது. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். அண்ணனிடம் கோபப்பட வேண்டாம். "என்ன ஆச்சுங்கண்ணா, யாரு சத்தம் போட்டாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். எப்போதெல்லாம் அவர் அப்படிச் சொல்கிறார் என்று குறித்து வையுங்கள். பெரும்பாலும் சனிக்கிழமையை ஒட்டித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மாத்திரை விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் அல்பிரசோலம், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்து. பழகிப்போகும். உங்களைப் போல நினைவு விட்டுப்போகிறவர்களுக்கு அந்த மந்தநிலையை அதிகமாக்கவும் கூடும். தினமும் சாப்பிட்டு வந்திருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. எப்படிக் குறைப்பது என்பதை மருத்துவர் சொல்லட்டும். பன்முக ஆளுமைக்கென்று தனியாக மருந்து எதுவும் கிடையாது. கூட வரும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மருந்து உண்டு. மற்றபடி இதற்குச் சிகிச்சை என்பது நீண்ட நாள் பேச்சுதான்.

சிரிப்பு யார் கையில்?

இனி சிரிப்புக்கு வருவோம். அந்தத் தேன்மிட்டாய்க் கணக்கை என்னோடு வேலை செய்யும் உளவியலாளரிடம் பெயர் சொல்லாமல் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, "இது எவ்வளவு நல்ல சேதி தெரியுமா?" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான்.

உங்கள் பாதிப்பின் மையமே நினைவு துண்டுபட்டுப் போவது. குழந்தைப் பருவத்தில், தாங்கவும் முடியாமல் தப்பிக்கவும் முடியாமல் திரும்பத் திரும்ப நடந்த ஒன்றை, "இது எனக்கு நடக்கவில்லை" என்று மனது ஒதுக்கி வைத்ததன் விளைவு அது. ஒருவர் செய்தது இன்னொருவருக்குத் தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன் நீங்கள் கண் விழித்தால் பையில் தேன்மிட்டாய் இருந்திருக்கும், எப்படி வந்தது என்று தெரியாமல் பயந்திருப்பீர்கள். இன்றைக்கு அதே மிட்டாய்க்கு மூன்று பேர் ஒரே பக்கத்தில் பதிலுக்குப் பதில் எழுதியிருக்கிறார்கள். போன வாரம் சொன்ன கேலிக்கு இந்த வாரம் இன்னொருவர் சிரிக்க வேண்டுமென்றால் அது அவருக்கு நினைவிருக்க வேண்டும் அல்லவா? உள்ளே ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தை ஆரம்பித்திருக்கிறது. சிகிச்சையில் நாங்கள் முயன்று கொண்டுவரப் பார்க்கும் விஷயத்தை உங்கள் வீட்டில் கணக்கு நோட்டு செய்திருக்கிறது. அடுத்த முறை பெங்களூர் போகும்போது அந்த நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.

இப்போது அந்தச் சனிக்கிழமையைப் பாருங்கள். கனடா நாட்டு உளவியலாளர் ராட் மார்ட்டினும் உடன் பணியாற்றியவர்களும் 2003-ல் மனிதர்களின் நகைச்சுவையை நான்கு விதமாகப் பிரித்தார்கள். கூடியிருப்பவர்களோடு சேர்ந்து சிரிப்பது, கஷ்டத்தில் தன்னைத்தானே தேற்றிக்கொள்ளச் சிரிப்பது, அடுத்தவரைக் குத்திச் சிரிப்பது, அடுத்தவர் சந்தோஷப்பட வேண்டும் என்று தன்னையே தாழ்த்திக்கொண்டு சிரிப்பது. கடைசி வகை அதிகம் உள்ளவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருந்தன. காலைக் காபி முதல் வகை. நோட்டு, முதல் இரண்டும் சேர்ந்தது. "நீயும்தான சிரிச்ச" என்று அவர் உங்களுக்கு எதிராகக் காட்டும் சிரிப்பு நான்காவது வகை.

அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று அவர் நினைத்துக்கொண்டார். நீங்களும் அப்படித்தான் நினைத்து, உங்கள் மேலேயே பழி போட்டுக்கொள்கிறீர்கள். அது சரியில்லை. பெரியவர்கள் சொன்னதை மறுக்க முடியாத இடத்தில் வளர்ந்த பிள்ளைகள், பயம் வரும்போது சிரித்துச் சமாளிக்கப் பழகியிருப்பார்கள். அறையில் ஐந்து ஆண்கள், எல்லோர் கண்ணும் உங்கள் மேல், "பாடு" என்கிறார் ஒருவர். சிரிப்பு வந்தது. சின்னவள் வந்தாள். நீங்கள் அங்கே இல்லாமல் போனீர்கள். விருப்பப்பட்டுச் சிரிக்கும் யாருக்கும் நான்கு மணி நேரம் காணாமல் போகாது.

நம் ஊர்க் குசும்பைப் பற்றி ஒரு வார்த்தை. திட்டினாலும் 'ங்க' போட்டுத் திட்டும் ஊர் இது. கோயமுத்தூர்க் குசும்பு என்று பேர் வாங்கியதில் எனக்கும் பெருமைதான். ஆனால் அதற்கு எழுதாத வழக்கம் ஒன்று உண்டு: பதிலுக்குக் காலை வாரத் தெரிந்தவனைத்தான் வாருவார்கள். கணக்கம்மாவைக் கிண்டல் செய்தால் வெயிட்டிங் லிஸ்ட்டில் போட்டுவிடுவார். அவரிடம் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். எட்டு வயதுப் பிள்ளையை நண்பர்கள் முன்னால் ஆடவிட்டுப் பார்ப்பதை எந்த ஊரிலும் குசும்பு என்று சொல்ல மாட்டார்கள்.

ரீல்ஸ் வேண்டவே வேண்டாம். காரணம் வெட்கம் அல்ல. இந்தப் பாதிப்பைப் பற்றி மருத்துவர்களுக்குள்ளேயே ஒரு வாதம் உண்டு. குழந்தைப் பருவக் கொடுமைதான் வேர் என்று பெரும்பாலோர் சொல்கிறோம். சினிமாவும் சுற்றியிருப்பவர்களின் தூண்டுதலும் இதை உருவாக்கலாம் என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். அந்த வாதம் எப்படிப் போனாலும் ஒன்றில் ஒற்றுமை: கூப்பிட்டதும் வந்து நிற்கப் பழக்கினால் பிரிவு கெட்டிப்படும். பார்க்க ஆள் சேரச் சேரச் சின்னவளுக்கு வேலை கூடும், வளர வழி இருக்காது. இருக்கும் வீடியோவை அவர் உங்கள் கண்முன்னால் அழிக்க வேண்டும். நண்பர்களுக்கு அனுப்பியிருந்தால் அங்கேயும் அழிக்கச் சொல்ல வேண்டியது அவர் பொறுப்பு.

இருவர் மேல் அன்பு வைப்பது வியாதியா?

இல்லை. உங்கள் அக்காவுக்கு நேரடியாகவே பதில் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, ஒருவர் தன் சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு வழக்கங்களுக்கு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவருக்கு மனநோய் என்று முடிவுகட்டக் கூடாது என்று சொல்கிறது. எல்லோருக்கும் தெரிந்து, எல்லோரும் ஒப்புக்கொண்டு ஒன்றுக்கு மேற்பட்டவரோடு வாழ்வது எந்த நோய்ப் பட்டியலிலும் கிடையாது. அக்காவுக்கு அது பிடிக்காமல் இருக்கலாம். அது அவருடைய உரிமை. சாக்கு என்ற பேச்சுதான் தவறு. உங்களுக்குப் பாதிப்பு இல்லாமலிருந்தாலும் இந்த இருவரோடு நீங்கள் வாழ்ந்திருக்கலாம். ஒருவரோடு மட்டும் வாழ்ந்திருந்தாலும் பாதிப்பு இருந்திருக்கும்.

ஆனால் இரண்டும் ஒரே வீட்டில் இருக்கும்போது ஒரு சிக்கல் வருகிறது. மூன்று பேர் ஒப்புக்கொண்டால் போதும் என்று நீங்கள் மூவரும் நினைத்திருக்கிறீர்கள். கடிதத்தையே பாருங்கள்: உங்களுக்கு இருவரையும் பிடிக்கும். கணக்கம்மாவுக்குச் சனிக்கிழமைக்காரர் மேல் நம்பிக்கையில்லை. அண்ணன் வாசலில் நிற்கிறார். சின்னவள் குளியலறையில் ஒளிகிறாள். இரண்டாவது பக்கத்தில் "எல்லாருக்கும் சம்மதந்தானுங்க" என்று எழுதிவிட்டு, ஏழாவது பக்கத்தில் இதையும் எழுதியிருக்கிறீர்கள்.

என் யோசனை இது. சனிக்கிழமை ஏற்பாட்டைக் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள். உறவை முறித்துக்கொள்ளச் சொல்லவில்லை. வெளியில், பகலில், தோட்டத்துக்காரருக்கும் தெரிந்த ஓர் இடத்தில் சந்தியுங்கள். அவர் நடந்ததைத் தப்பு என்று உணர்கிறாரா, இல்லை "உனக்கு இப்பெல்லாம் தமாஷே புரியறதில்ல" என்கிறாரா என்று பாருங்கள். முதலாவது என்றால் திருத்திக்கொள்ள வாய்ப்புள்ள மனிதர். ஒரு தடவை மருத்துவரிடமும் கூட்டிப் போகலாம். இரண்டாவது என்றால் அண்ணன் வாசலில் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. பெரிய முடிவு எதையும் ஒரே நாளில் எடுக்க வேண்டாம். நோட்டில் எழுதி வையுங்கள், எல்லோரும் ஒரு முறை படித்து எழுதட்டும், அப்புறம் பார்க்கலாம்.

இரண்டு ஆண்களுக்கும் பொதுவான ஒரு விதி. சின்னவள் முன்னால் இருக்கும் நேரத்தில் அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் மட்டுமே. பால் காய்ச்சித் தரலாம், படம் வரையத் தாள் கொடுக்கலாம். காதல் பேச்சோ நெருக்கமோ அந்த நேரத்தில் அறவே கிடையாது. யார் முன்னால் இருக்கிறார் என்று சந்தேகமாக இருந்தாலும் கிடையாது. தோட்டத்துக்காரர் இதை யாரும் சொல்லாமலே கடைப்பிடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள், நல்ல மனிதர். மற்றபடி, ஒருவருக்கு மேல் துணை இருக்கும் வீட்டில் அனைவரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பால்வினை நோய்ப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது.

குணமானால் அன்பு போய்விடுமா, சின்னவள் சாவாளா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வி வேறு கையெழுத்தில் இருந்தது, அதனால் அவளுக்கே சொல்கிறேன்: யாரும் சாக மாட்டாங்க, கண்ணு. சிகிச்சை பொதுவாக மூன்று கட்டமாகப் போகும். முதலில் பாதுகாப்பும் நிதானமும். பிறகுதான், தயாரான பின், பழைய நினைவுகள். கடைசியில் ஒருங்கிணைவு. சிலர் ஒரே ஆளாகச் சேர்கிறார்கள். அப்போதும் தேன்மிட்டாய் ஆசை எங்கேயும் போவதில்லை, அது எல்லோருடைய ஆசையும் ஆகிவிடும். வேறு சிலர் சேராமலே, ஒருவருக்கொருவர் தெரிந்து, சண்டையில்லாமல் வாழ்கிறார்கள். அதையும் நல்ல முடிவாகத்தான் ஏற்கிறோம். நீங்கள் இன்னும் முதல் கட்டத்தில் இருக்கிறீர்கள். வீட்டில் யாரும், அன்பினால்கூட, பழைய கதையைக் கிளற வேண்டாம். ஹிப்னாடிசம் செய்து நினைவை மீட்டுத் தருகிறேன் என்று விளம்பரம் செய்பவரிடம் போகவே போகாதீர்கள். நடக்காததும் நடந்ததாக மனதில் பதிந்துவிடும் அபாயம் அதில் உண்டு.

விளையாட்டுக்குக்கூட மாலை வேண்டாம்

இந்தப் பகுதிக்காக வழக்கறிஞர் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். நீங்கள் மூவரும் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை. மணமாகாத பெரியவர்கள் சேர்ந்து வாழ்வதைக் குற்றமாக்கும் சட்டம் கிடையாது. இன்னொருவர் மனைவியோடு உறவு கொள்ளும் ஆணைக் குற்றவாளியாக்கிய, இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 497-ஆம் பிரிவையும் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் நீக்கிவிட்டது. போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போவார்களோ என்ற பயம் வேண்டாம்.

வில்லங்கம் மாலையில்தான் இருக்கிறது. "ஐயர் இல்ல, தாலி இல்ல, சும்மா மாலைதானுங்க" என்று எழுதியிருக்கிறீர்கள். வேறு மாநிலமாக இருந்தால் அது வெறும் விளையாட்டாகப் போயிருக்கலாம். தமிழ்நாட்டில் அப்படியில்லை. இந்து திருமணச் சட்டத்துக்கு 1967-ல் நம் மாநிலம் கொண்டுவந்த திருத்தம் 7-A பிரிவு. சுயமரியாதைத் திருமணங்களுக்காக வந்தது. உறவினர், நண்பர் முன்னிலையில் இவரை ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்வதோ, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்வதோ, தாலி கட்டுவதோ, ஏதாவது ஒன்று இருந்தாலே திருமணம் செல்லும். தோட்டத்துக்காரருக்கு நீங்கள் மாலை போட்டு அவர் உங்களுக்குப் போட்டால் அது சட்டப்படி கல்யாணம் என்று வாதாட இடமுண்டு. அடுத்த நிமிடம் சனிக்கிழமைக்காரருக்கும் போட்டால் அது கணவர் உயிரோடிருக்கையில் செய்த இரண்டாம் திருமணம். செல்லாது என்பதோடு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆம் பிரிவில் ஏழு வருடம் வரை சிறையும் உண்டு. "அது நான் இல்லைங்க, கணக்கம்மா" என்று நீதிமன்றத்தில் சொல்லிப் பயனில்லை. நான்கு பேருக்கும் ஆதார் ஒன்று, கைரேகை ஒன்று. விருந்து வையுங்கள், ஒப்புட்டு சுடுங்கள். மாலையை மட்டும் விட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கோவை குடும்ப நல நீதிமன்றத்தில் ஆரம்பித்த ஒரு ஜீவனாம்ச வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2010-ல் தீர்ப்பானது. மணமாகாமல் சேர்ந்து வாழும் பெண்ணுக்கு 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு எப்போது கிடைக்கும் என்பதற்கு அதில் நிபந்தனைகள் சொன்னார்கள். இருவரும் மணமுடிக்கத் தகுதியுள்ளவர்களாக இருக்க வேண்டும். கணிசமான காலம் ஒரே வீட்டில், ஊருக்குத் தம்பதிபோல வாழ்ந்திருக்க வேண்டும். வாரக் கடைசியில் மட்டும் வந்து போவது கணக்கில் சேராது என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. அதாவது தோட்டத்துக்காரரோடு பிரச்சினை வந்தால் அந்தச் சட்டத்தை நாட உங்களுக்கு வழி இருக்கலாம். சனிக்கிழமைக்காரர் விஷயத்தில் பெரும்பாலும் இல்லை. இருவரில் யாருக்கும் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். சட்ட ஆலோசனைக்கு 15100. பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவசம்.

வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று காசோலை திரும்பிய கதையையும் எழுதியிருந்தீர்கள். உள்ளே ஒரு தீர்மானம் போட்டு, வங்கிக் கையெழுத்து கணக்கம்மா மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கும் அது பிடிக்கும்.

ஆனைமலைக்குப் போகலாமா?

தாராளமாக அம்மாவோடு போய் மாசாணியம்மனைக் கும்பிட்டு வாருங்கள். மிளகாய் அரைத்துப் பூச வேண்டுமென்றால் அதையும் செய்யுங்கள். மனதில் கிடக்கும் அநியாயத்தை ஓரிடத்தில் முறையிடுவது கெட்டதில்லை. நம் பக்கம் நோம்பி (ஊர்த் திருவிழா) சாட்டினால் சாமி வந்து ஆடுபவர்கள் உண்டு, அண்ணமார் கதையில் படுகளம் (போரில் செத்தவர்போல மயங்கி) விழுபவர்கள் உண்டு. ஊர் ஏற்றுக்கொண்ட வழிபாட்டின் பகுதியாக வந்து, முடிந்ததும் போய்விடும் அந்த நிலையை மருத்துவம் நோய் என்று சொல்வதில்லை. கேட்காமல் வந்து, வேலையையும் நினைவையும் கெடுத்தால்தான் நோய். அம்மாவிடம் அப்படியே சொல்லிப் பாருங்கள், புரிந்துகொள்வார்.

ஆனால் அங்கிருந்து யாரோ சொன்னார்கள் என்று பேயோட்டுபவரிடம் அழைத்துப் போனால் உறுதியாக மறுத்துவிடுங்கள். அடிப்பதும் கட்டி வைப்பதும் எட்டு வயதில் நடந்ததையே திரும்ப நடத்துவதாகும். மனநலப் பாதிப்புள்ளவரைச் சங்கிலியால் கட்டுவதைச் சட்டமும் தடை செய்கிறது.

கம்பெனியில் சொல்ல வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. வேலையில் சேரும்போது உடல்நலம் பற்றி ஏதாவது எழுதிக் கொடுத்திருந்தால் அதை மட்டும் ஒருமுறை பாருங்கள். ஷிப்மெண்ட் நெருக்கடியில் நினைவு தப்பினால் சமாளிக்க, நம்பகமான தோழி ஒருத்திக்குப் பாதி சொல்லி வைப்பது புத்திசாலித்தனம். எனக்கு அதைவிட உங்கள் ஸ்கூட்டிதான் கவலை. அவினாசி ரோட்டில் வண்டி ஓட்டும்போது சத்தமெல்லாம் தூரத்தில் கேட்பதுபோல ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது உள்ளே ஆள் மாறப்போவதற்கு முன்னறிகுறி. உடனே ஓரம்கட்டுங்கள். இரண்டு காலையும் தரையில் அழுத்தி ஊன்றி, எதிரே வரும் பஸ்ஸின் நம்பரையும் ஊர்ப் பேரையும் சத்தமாகப் படியுங்கள். முகத்தில் தண்ணீர் அடியுங்கள். தெளியாவிட்டால் தோட்டத்துக்காரரைக் கூப்பிடுங்கள். இந்த அறிகுறி அடிக்கடி வருகிற வரைக்கும் கம்பெனி பஸ்ஸே போதும்.

கணக்கம்மாவுக்கு

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மசியில், "இதுக்கெல்லாம் எவ்வளவு ஆகும்?" என்று ஒரு வரி. நியாயமான கேள்வி. பெங்களூர் மருத்துவரை விட வேண்டாம். அவரிடம் மாதம் ஒரு தடவை போதுமா, நடுவில் தொலைபேசியில் பேச முடியுமா என்று கேளுங்கள். வாராவாரம் பேச, பக்கத்திலேயே ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர் ஒருவரைத் தேடுங்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பெருந்துறையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. புறநோயாளிக்குச் செலவில்லை, காத்திருக்க மட்டும் பொறுமை வேண்டும். கம்பெனி மருத்துவக் காப்பீடு இருந்தால் எடுத்துப் பாருங்கள். உடல்நோய்க்குத் தருவதுபோல மனநோய்க்கும் தர வேண்டும் என்று 2017 சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் பல பாலிசிகளில் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம். வெறும் ஆலோசனைக் கட்டணத்துக்குத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். புதுப்பிக்கும் தேதிக்கு முன்னால் அதை விசாரித்து வையுங்கள். எப்படியும் செலவு வரும். நோட்டில் எழுதும்போது அதை 'அனாவசியம்' பக்கம் போட்டுவிடாதீர்கள் அம்மா.